வரைபடத்தில் வற்றிய கழிமுகம்

எண்ணூர்க் கழிமுகத்துக்கு இரண்டு வரைபடங்கள் உண்டு. ஒன்றில் தண்ணீர் இருக்கிறது. மற்றொன்றில் இல்லை.

முதல் வரைபடம் 1996ஆம் ஆண்டுக்குரியது. தமிழ்நாட்டின் கடற்கரை மண்டல மேலாண்மைத் திட்டத்தின் ஒரு பகுதியாக ஒன்றிய அரசின் சுற்றுச்சூழல் அமைச்சகம் அதற்கு ஒப்புதல் அளித்தது. கொசஸ்தலை ஆறும் பக்கிங்காம் கால்வாயும் கடலின் ஓதநீரும் கலக்கும் 6,469 ஏக்கர் பரப்பு அதில் பாதுகாக்கப்பட்ட நீர்நிலையாகக் குறிக்கப்பட்டிருக்கிறது. இரண்டாவது வரைபடம் 2017இல் வெளிச்சத்துக்கு வந்தது. சுற்றுச்சூழல் செயற்பாட்டாளர்கள் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் ஆவணங்களைக் கேட்டுப் பெற்றபோது, மாநில அரசின் தரப்பில் புழங்கிய படத்தில் அந்த நீர்ப்பரப்பு இல்லை என்பது தெரிந்தது. ஆறு வற்றவில்லை, கடல் பின்வாங்கவில்லை. தாளில் மட்டும் கழிமுகம் காணாமல் போயிருந்தது. 'மோசடி வரைபடம்' என்று செயற்பாட்டாளர்கள் அதற்குப் பெயர் வைத்தார்கள்.

அந்த நாட்களில் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, சேற்றைக் கையால் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்த பெண்கள் அங்கே இருந்தார்கள். இன்றும் இருக்கிறார்கள். அவர்கள் நின்ற தண்ணீரைத்தான் ஒரு காகிதம் தரை என்று சொன்னது. தண்ணீர் எங்கே இருக்கிறது என்று அந்தப் பெண்களிடம் யாரும் கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லை என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது? வடசென்னையை அளந்தவர்கள் யார், அளந்தபோது எதைக் கணக்கில் எடுத்தார்கள், எதை விட்டார்கள் என்பதைப் பின்னோக்கிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

சங்கிலி பிடித்த கைகள்

1794இல் மைக்கேல் டாப்பிங் சென்னையில் ஒரு நில அளவைப் பள்ளியைத் தொடங்கினார். அவர் கிழக்கிந்தியக் கம்பெனியின் வானியலாளர், அளவையாளர். ஆண்களுக்கான அநாதை இல்லத்துச் சிறுவர்களை அழைத்துவந்து சங்கிலி பிடிக்கவும் கோணம் பார்க்கவும் பழக்கினார்கள். கம்பெனிக்கு நிலவரி வேண்டும். வரி போட நிலத்தின் அளவு தெரிய வேண்டும். ஐரோப்பாவிலிருந்து அளவையாளர்களைக் கொண்டுவரச் செலவு அதிகம். ஆகவே இங்குள்ள பையன்கள். அந்தப் பள்ளிதான் வளர்ந்து கிண்டி பொறியியல் கல்லூரி ஆனது. 1802இல் வில்லியம் லாம்டன் பரங்கிமலையிலிருந்து பெரும்பாக்கம் பக்கமாகச் சுமார் 12 கிலோமீட்டர் நீளத்துக்கு ஓர் அடிக்கோட்டை அளந்தார். இந்தியா முழுவதையும் முக்கோணங்களாக அளக்கும் பெரும்பணி அந்தக் கோட்டிலிருந்து கிளம்பியது.

அளவைப் பள்ளி தொடங்கி 146 ஆண்டுகள் கழித்து, 1940இல்தான், கிண்டிக் கல்லூரிக்குள் பெண்கள் மாணவிகளாக நுழைந்தார்கள். இளம் வயதில் கணவரை இழந்து, கைக்குழந்தையோடு இருந்த ஏ. லலிதா மின்பொறியியல் படித்தார். பி.கே. திரேசியாவும் லீலம்மா ஜார்ஜும் கட்டடப் பொறியியல் படித்தார்கள். பட்டச் சான்றிதழில் ஆண்பாலாக அச்சாகியிருந்த சொல்லை அடித்துவிட்டுப் பெண்பால் எழுதிக் கொடுத்தார்கள் என்று அந்தக் கல்லூரியின் வரலாற்றைச் சொல்கிறவர்கள் குறிப்பிடுவதுண்டு. நம் நிலத்தின் புல எண்களும் ஊர் எல்லைகளும் ஆற்றின் கரைகளும் அந்த 146 ஆண்டுகளில் எழுதப்பட்டவை. எழுதிய கூட்டத்தில் ஒரு பெண்ணும் இல்லை.

இது நம் ஊருக்கு மட்டும் உரிய கதையல்ல. அட்லாண்டிக் கடலடியை முதன்முதலில் முறையாக வரைந்தவர் அமெரிக்காவின் மேரி தார்ப். ஆய்வுக் கப்பலில் பெண்கள் ஏறக்கூடாது என்பதால் ஆண்கள் அளந்து கொண்டுவந்த ஆழக் கணக்குகளை வைத்து அவர் கரையில் உட்கார்ந்து வரைந்தார். கடலடி மலைத்தொடரின் நடுவே நீண்ட பிளவு ஒன்று இருப்பதை 1950களின் தொடக்கத்தில் அவர் கண்டு சொன்னபோது, உடன் வேலை செய்த புரூஸ் ஹீசன் அதைப் 'பெண்பிள்ளைப் பேச்சு' என்று ஒதுக்கினார். பின்னால் அதுதான் உண்மை என்று ஆயிற்று. அங்கே பெண்ணுக்கு வரைகோல் கிடைத்தது, கப்பல் கிடைக்கவில்லை. எண்ணூரில் தண்ணீரில் நிற்பவர் பெண், வரைகோல் வேறு யாரிடமோ இருந்தது.

வரிக்காக அளந்த அளவையில் ஒரு குறை பிறவியிலேயே உண்டு. வரி தரும் வயலை அங்குலம் அங்குலமாக அளப்பார்கள். வரி தராத சதுப்பு, மணல்மேடு, ஓதநீர் ஏறி இறங்கும் சேற்றுநிலம் இவற்றின் கணக்கு மேலோட்டமாக நின்றுவிடும். பட்டா எல்லைக்குப் புறத்தே கிடப்பது என்ற பொருளில் அதற்குப் 'புறம்போக்கு' என்று பெயர். ஊருக்கே பொதுவான மேய்ச்சல் நிலமும் நீர்நிலையும் சுடுகாடும் இந்தச் சொல்லுக்குள்தான் வந்தன. காலப்போக்கில் யாருக்கும் பயன்படாத நிலம் என்ற பொருள் அதன்மேல் ஏறியது. கடைசியில் மனிதரைத் திட்டும் வசையாகவே ஆனது. அந்த வசையைத் திருப்பிக் கேட்பதற்காகத்தான் 2017 சனவரியில், கபேர் வாசுகி எழுதி டி.எம். கிருஷ்ணா பாடிய 'சென்னை புறம்போக்குப் பாடல்' எண்ணூரில் படமாக்கப்பட்டது.

சுள்ளி பொறுக்குவதும் ஆடு மேய்ப்பதும் கிளிஞ்சல் அள்ளுவதும் கருவாடு உலர்த்துவதும் பெரும்பாலும் பெண்கள் செய்யும் வேலை. பட்டா பெரும்பாலும் ஆண் பெயரில் இருக்கும். பெண்ணின் பிழைப்பு பெரும்பாலும் புறம்போக்கில் இருக்கும். ஆகவே அளவையில் எந்த நிலத்தின் விவரம் மெலிந்திருக்கிறதோ, அந்த நிலத்தோடு பெண்ணின் உழைப்பும் சேர்ந்தே மெலிந்துபோகிறது.

கால்வாய்க்கு யார் பெயர்

ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை ரயிலில் போகிறவர்களுக்குப் பக்கிங்காம் கால்வாயைத் தெரியும். கறுத்த தண்ணீர், இருபுறமும் குடிசைகள், மேலே குழாய்ப் பாலங்கள். 1806இல் சென்னையிலிருந்து எண்ணூர் வரை உப்பையும் சரக்கையும் படகில் கொண்டுபோக இது வெட்டப்பட்டபோது காக்ரேன் கால்வாய் என்று பெயர். பிறகு பழவேற்காடு வழியாக வடக்கே நீண்டது.

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தில் பெரும்பஞ்சம். லட்சக்கணக்கானோர் மாண்டார்கள். பிழைத்தவர்களுக்கு நிவாரணம் என்ற பெயரில் மண்வெட்டும் வேலை கொடுத்தார்கள். அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் கால்வாய்ப் பகுதி அந்தப் பஞ்ச நிவாரணப் பணியில்தான் தோண்டப்பட்டது. கூடை சுமந்தவர்களில் பெண்களும் குழந்தைகளும் ஏராளம். கூலி முதலிலேயே குறைவு. அதிலும் பெண்ணுக்கு ஆணைவிடக் குறைவு. வேலை முடிந்ததும் கால்வாய் முழுவதற்கும் அப்போதைய ஆளுநர் பக்கிங்காம் பிரபுவின் பெயரை வைத்தார்கள்.

இன்று வரைபடத்தில் அந்த நீலக்கோட்டின்மேல் அந்தப் பெயர்தான் இருக்கிறது. கோட்டை வெட்டிய பெண்களின் பெயர் ஒன்றுகூட நமக்குக் கிடைக்காது. ஒரு தெருவுக்கு, ஒரு பாலத்துக்கு, ஒரு கால்வாய்க்கு வைக்கும் பெயரும் புவியியல் தரவுதான். அது யாரை நினைவில் வைத்துக்கொள்வது என்று முடிவு செய்கிறது.

கரை ஒரு கோடு அல்ல

1870களின் நடுவில் சென்னைத் துறைமுகக் கட்டுமானம் தொடங்கியது. 1881 புயல் அதைக் குலைத்துப்போட்டது, மீண்டும் கட்டினார்கள். பொறியாளர்களின் வரைபடத்தில் கரை ஒரு கோடு, துறைமுகச் சுவர்கள் அதிலிருந்து கடலுக்குள் நீளும் இரண்டு கைகள். ஆனால் சோழமண்டலக் கரை நிலையான கோடு அல்ல. ஆண்டு முழுவதையும் கணக்கிட்டால் இந்தக் கரையில் அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்கு நோக்கித்தான் அதிகமாகத் தள்ளுகின்றன. துறைமுகச் சுவர் அதை மறித்ததும், தெற்கே மணல் சேர்ந்தது, வடக்கே போக வேண்டிய மணல் போகவில்லை. தெற்கில் மெரினா அகன்றது. வடக்கில் ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர்ப் பக்கம் கடல் ஊருக்குள் ஏறியது.

மெரினாவின் அகலத்தைப் பெருமையோடு சொல்கிறோம். அது வடசென்னையின் கரைக்குப் போய்ச்சேர வேண்டிய மணல் என்பதைச் சொல்வதில்லை. வடக்கே கரையைக் காப்பதற்குக் கருங்கல் கொட்டினார்கள். கல் கொட்டிய இடத்தில் அரிப்பு நின்றது, அதற்கு வடக்கே அடுத்த குப்பத்தில் தொடங்கியது. கல்லின்மேல் வலை உலர்த்தலாம். மீன் பரப்ப முடியாது. கட்டுமரத்தை இழுத்துக் கரையேற்ற மணல் வேண்டும். கருவாடு போட மணல் வேண்டும். விடியலில் ஏலம் கூற மணல் வேண்டும். கழிப்பறை இல்லாத வீட்டுப் பெண்ணுக்கு இருட்டில் ஒதுங்க மணல் வேண்டும். எத்தனை மீட்டர் கரை அரிக்கப்பட்டது என்ற கணக்கில் இவை எதுவும் ஏறுவதில்லை.

6,469 ஏக்கர்

1960களில் மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, அடுத்து உரத் தொழிற்சாலை. 1970இல் எண்ணூர் அனல் மின் நிலையம். பிறகு வடசென்னை அனல் மின் நிலையம், வல்லூர் அனல் மின் நிலையம். 2001இல் எண்ணூர்த் துறைமுகம். 2014இல் அது காமராசர் துறைமுகம் ஆனது. அடுத்து காட்டுப்பள்ளித் துறைமுகம். சென்னைக்கு மின்சாரமும் பெட்ரோலும் உரமும் நிலக்கரியும் இந்தச் சிறு வட்டாரத்தின் வழியேதான் வருகின்றன. நகரம் தன் முகத்தைத் தெற்கே வைத்துக்கொண்டு அடுப்படியை வடக்கே வைத்தது. அடுப்படி என்ற சொல் இங்கே தற்செயலாக வரவில்லை. புகை எங்கே போகிறது என்று கேட்காமல் சாப்பிடும் பழக்கம் நம் வீடுகளிலிருந்தே நமக்குத் தெரியும்.

1991இல் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை வந்தது. கடலோரத்தையும் ஓதநீர் ஏறும் ஆறுகளையும் கழிகளையும் வகை பிரித்து, மிக நுட்பமான பகுதிகளில் கட்டுமானத்துக்குத் தடை விதித்தது. தடை எங்கே தொடங்குகிறது என்பதை உயர் ஓதக் கோடு தீர்மானிக்கும். ஓதம் எவ்வளவு தூரம் ஏறும் என்பதை ஒருவர் வரைந்து காட்டினால்தான் சட்டத்துக்குக் கண் கிடைக்கும். அந்தச் சட்டத்தின் கீழ்தான் 1996 வரைபடம் வந்தது. 6,469 ஏக்கர் பாதுகாப்புக்குள் வந்தது.

இப்படிப்பட்ட வரைபடங்களில் பிழை எப்படி நுழைகிறது என்பதை மாணவிகள் தெரிந்துகொள்வது நல்லது. மூன்று வாசல்கள் உண்டு.

முதலாவது அளவுகோல். மாநிலம் முழுவதற்குமான கடற்கரை வரைபடத்தை 1:25,000 அளவில் வரைகிறார்கள். தாளில் ஒரு மில்லிமீட்டர் என்றால் தரையில் 25 மீட்டர். பத்து மீட்டர் அகலமுள்ள ஓடை அந்தத் தாளில் பேனா முனையின் தடிமனுக்குக்கூட வராது. அதனால்தான் உள்ளூர் அளவில், புல எண் தெரியும்படி, சுமார் 1:4,000 அளவில் இன்னொரு வரைபடம் வேண்டும் என்று விதிகள் கேட்கின்றன. ஒரு குப்பத்தின் வாசல் எந்தப் பக்கம் இருக்கிறது என்பது அந்த அளவில்தான் தெரியத் தொடங்கும்.

இரண்டாவது நேரம். கழிமுகம் ஒரு நாளில் இரண்டு முறை நிறைந்து இரண்டு முறை வடியும். வடிந்த வேளையில் எடுத்த செயற்கைக்கோள் படத்தில் சேற்றுநிலம் வெறும் தரைபோலத் தெரியும். கோடையில் எடுத்தால் உப்பளம் வெள்ளைக் கட்டாந்தரை. ஐப்பசி, கார்த்திகையில் எடுத்தால் எல்லாமே தண்ணீர். எந்த மாதம், எந்த ஓதம் என்று சொல்லாத படம் பாதி உண்மைதான் சொல்லும்.

மூன்றாவது ஆண்டு. இதுதான் ஆபத்தானது. அனல் மின் நிலையத்தின் சாம்பலைச் சேறாகக் கரைத்துக் குழாய்களில் செப்பாக்கம் சாம்பல் குளத்துக்கு அனுப்புகிறார்கள். குழாய்கள் வெடித்துச் சாம்பல் ஆண்டுக்கணக்கில் கொசஸ்தலை ஆற்றில் கொட்டியது. ஆற்றின் அடித்தளம் உயர்ந்தது, சேற்றுநிலம் சாம்பல் மேடானது. இன்று புதிய படம் எடுத்தால் அந்த இடம் தரையாகத்தான் தெரியும். ஆக்கிரமிப்பு முதலில் நடக்கிறது, அளவை பின்னால் வருகிறது, அப்புறம் ஆக்கிரமிப்பே புவியியல் ஆகிவிடுகிறது. 'புதிய தரவு, துல்லியமான தரவு' என்று சொல்லும்போது நாம் கவனமாக இருக்க வேண்டிய இடம் இது. துல்லியமான படம்கூட ஒரு குற்றத்தைத் துல்லியமாக மறைக்கும். பழைய 1996 படத்துக்காக எண்ணூர் மக்கள் அவ்வளவு போராடியதற்குக் காரணம் அதுதான். அங்கே தண்ணீர் இருந்தது என்பதற்கு அரசே கையெழுத்திட்ட சாட்சி அது.

கழிமுகம் இல்லாத படத்தை மேசையில் விரித்து ஒருவர் துறைமுக விரிவாக்கத்தைத் திட்டமிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். நிலக்கரிக் கிடங்கு எங்கே, சாலை எங்கே, பாலத்தின் கண் எத்தனை என்று முடிவு செய்கிறார். அவர் நேர்மையானவராகவே இருக்கலாம். தாளில் ஆறு இல்லாததால் ஆற்றுக்கு வழிவிட வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு வராது. ஆனால் சென்னையின் மூன்று ஆறுகளில் மிக அதிக வெள்ளத்தைச் சுமப்பது கொசஸ்தலை. பூண்டி நீர்த்தேக்கம் நிரம்பினால் உபரிநீர் அதன் வழியேதான் வரும்; கடலில் சேர அதற்கு இருக்கும் வாய் எண்ணூர். வாயை அடைத்தால் தண்ணீர் பின்னோக்கி மணலிக்கும் சடையங்குப்பத்துக்கும் வரும். வழக்கு தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போனது. சென்னை ஐ.ஐ.டி.யின் பேராசிரியர் இந்துமதி நம்பி உள்ளிட்ட வல்லுநர்கள் களத்தை ஆராய்ந்தார்கள். சாம்பல் படிவதால் வெள்ள ஆபத்து கூடுகிறது என்பது அறிக்கைகளில் பதிவானது. 2022இல் தீர்ப்பாயம் இந்த ஈரநிலத்தை மீட்க வேண்டும் என்று உத்தரவிட்டது. குப்பத்து மக்கள் பேச்சில் பல ஆண்டுகளாகச் சொல்லிவந்த செய்தி, அறிக்கையில் ஏறியபின்தான் தரவு என்ற மரியாதையைப் பெற்றது.

படகு இல்லாத கை

2023 டிசம்பர். மிக்ஜாம் புயல் கடந்தபின், மணலியிலிருந்து வெள்ளத்தோடு சேர்ந்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர்க் கழிமுகத்துக்குள் வந்தது. சென்னைப் பெட்ரோலிய நிறுவன வளாகத்திலிருந்து அது வெளியேறியதாக மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கூறியது. படகும் வலையும் அலையாத்தி மரங்களும் வீட்டுச் சுவர்களும் கறுப்பாயின. அரசு நிவாரணம் அறிவித்தது: பாதிக்கப்பட்ட 2,301 மீனவக் குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாய், 787 படகுகளுக்குத் தலா 10,000 ரூபாய், எண்ணெய் பரவிய பகுதியில் வசித்த 6,700 குடும்பங்களுக்குத் தலா 7,500 ரூபாய். மொத்தம் 8 கோடியே 68 லட்சம்.

இந்த அறிவிப்பில் இழப்பை அளக்க இரண்டு அலகுகள் இருக்கின்றன: குடும்பம், படகு. கையால் இறால் பிடிக்கும் இருளர் பெண்ணிடம் படகு இல்லை. ஓலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கைகளாலும் சேற்றைத் துழாவி, இறாலைப் பிடித்துப் பறிக்குள் போடுகிறாள். ஒளிப்படக் கலைஞர் எம். பழனிக்குமார் 'பாரி' இணைய இதழில் வெளியிட்டுள்ள படங்களில் அந்தக் கைகளைப் பார்க்கலாம். ஓடும் கண்ணாடிச் சில்லும் கீறிய விரல்கள். அந்தக் கைதான் அவளுடைய படகு, வலை, மூலதனம் எல்லாம். எண்ணெய் படிந்த சேற்றில் அந்தக் கையை வைக்க முடியாத நாட்களுக்கு என்ன விலை? அவள் பெயரில் ஓர் இழப்பு எழுத அந்தப் பட்டியலில் கட்டம் இல்லை. ஒரு குடும்பத்தின் உறுப்பினராக மட்டுமே அவள் அதற்குள் வர முடியும்.

வேலை செய்தும் வேலைக்காரியாக எண்ணப்படாமல் போவது பழைய கதை. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 'வேலை' என்றால் என்ன என்ற கேள்விக்குள், பண்ணையிலும் குடும்பத் தொழிலிலும் கூலியில்லாமல் செய்யும் வேலையும் அடங்கும் என்ற சொற்கள் 1991இல்தான் சேர்ந்தன. அதுவும் பெண்கள் அமைப்புகளும் ஆய்வாளர்களும் வலியுறுத்தியபின். கேள்வியை மாற்றியதும் எண்ணும் மாறும். வரைபடமும் அப்படித்தான். அது ஒரு கேள்விக்கான பதில். இங்கே எவ்வளவு வரி கிடைக்கும் என்று கேட்டால் ஒரு படம் வரும். இங்கே யார் எதை வைத்துப் பிழைக்கிறார்கள் என்று கேட்டால் வேறு படம் வரும்.

இந்த இடத்தில் நமக்கு ஒரு சங்கடமும் உண்டு. அதை மறைக்க வேண்டாம். அரசு வரைபடத்துக்கு எதிராக ஊரின் அறிவை நிறுத்துகிறோம். ஊரின் அறிவும் எல்லாருக்கும் பொதுவாக இருந்ததில்லை. பழவேற்காட்டிலும் எண்ணூர்ப் பக்கத்து நீர்ப்பரப்பிலும் 'பாடு' என்ற முறை இருக்கிறது. எந்த நாளில் எந்த இடத்தில் யார் வலை கட்டுவது என்று ஊரே கூடி முறை வைத்துக்கொள்ளும். எழுதாத வரைபடம் அது, மிக நேர்த்தியானது. ஆனால் பாட்டில் பங்கு தலைக்கட்டுக்கு உரியது. தலைக்கட்டு என்றால் ஆண். இருளர் அந்த முறைக்கே வெளியே இருப்பவர்கள். ஆழமான இடம் ஆணுக்கும் வலைக்கும் போனது. கரையோரச் சேறு பெண்ணுக்கும் கைக்கும் மிஞ்சியது. சாம்பல் முதலில் மூடுவதும், மண் கொட்டி முதலில் மேடாக்குவதும் அந்தக் கரையோரச் சேற்றைத்தான். இரண்டு வரைபடங்களுமே அவளை ஓரத்தில்தான் வைத்தன. அழிவு ஓரத்திலிருந்துதான் தொடங்கும்.

வடிகால் எங்கே போய்ச் சேரும்

ஆசிய வளர்ச்சி வங்கி 2021இல் கொசஸ்தலை வடிநிலத்தின் வெள்ளத் தடுப்புக்கு 251 மில்லியன் டாலர் கடனுக்கு ஒப்புதல் அளித்தது. 588 கிலோமீட்டர் புதிய மழைநீர் வடிகால்கள் அந்தத் திட்டத்தில் அடக்கம். வடசென்னைக்கு இது வேண்டிய வேலைதான். பெருமழை நாட்களில் திருவொற்றியூர், மணலி வீடுகளுக்குள் நிற்கும் தண்ணீரைப் பார்த்தவர்கள் வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள்.

ஆனால் வடிகால் என்பது சரிவுதான். கடல் மட்டத்திலிருந்து சில மீட்டர் உயரமே உள்ள தட்டையான ஊரில், தரைமட்டக் கணக்கில் ஒரு சாண் பிழை வந்தால் தண்ணீர் கடலுக்குப் போகாமல் தெருவுக்குத் திரும்பும். 588 கிலோமீட்டரும் கடைசியில் கால்வாயிலோ ஆற்றிலோதான் போய்ச் சேர வேண்டும். ஆறு கழிமுகத்தில் சேர வேண்டும். கழிமுகத்தை ஒரு துறை அழித்து வரைந்துகொண்டிருக்க, இன்னொரு துறை அதே கழிமுகத்தை நம்பி வடிகால் கட்டினால் என்ன ஆகும்? ஒரே நிலத்தைப் பற்றி வருவாய்த் துறையிடம் ஒரு கணக்கு, நீர்வளத் துறையிடம் ஒரு கணக்கு, துறைமுகத்திடம் ஒரு கணக்கு, மாநகராட்சியிடம் ஒரு கணக்கு. முரண்படும் கணக்குகளின் நடுவே தேங்கும் தண்ணீரை இறைப்பவள் வீட்டுக்காரி.

அவளிடம் ஒரு வெள்ளக் கணக்கு இருக்கிறது. எந்த ஆண்டு தண்ணீர் எத்தனையாவது படி வரை ஏறியது, எந்தத் திசையிலிருந்து முதலில் வந்தது, எத்தனை நாள் நின்றது, எந்தச் சந்தில் வடியவே இல்லை, எந்தக் கழிப்பறை முதலில் பொங்கியது என்று அவள் சொல்வாள். அரிசிப் பானையைத் தூக்கி வைத்த உயரம் ஓர் அளவுகோல். இதைத் தெருத்தெருவாகக் கேட்டு எழுதித் தரைமட்ட அளவையோடு ஒப்பிட்டால், எந்தச் செயற்கைக்கோளும் தராத தரவு கிடைக்கும். வெள்ளத்தின்போது வானத்தில் மேகம் இருக்கும். சந்துக்குள் நிற்கும் முழங்கால் தண்ணீர் மேலிருந்து தெரியாது.

கேட்க வேண்டியவை

2011 கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கையில் நமக்குச் சாதகமான ஒரு விதி இருக்கிறது. மீனவ ஊர்கள், அவர்களின் பொதுச் சொத்துகள், மீன் உலர்த்தும் இடங்கள், பனிக்கட்டி ஆலைகள், மருந்தகம், சாலை, பள்ளி எல்லாவற்றையும் புல எண் அளவிலான வரைபடத்தில் காட்ட வேண்டும் என்று அது சொல்கிறது. விதியாக எழுதியதற்காக வரைபடத்தில் வந்துவிடாது. 2023இல் தமிழ்நாட்டின் புதிய வரைவு வரைபடங்கள் மீது கருத்துக் கேட்டபோது, ஊர்களும் மீன்பிடி இடங்களும் விடுபட்டிருக்கின்றன என்று மீனவர்கள் முறையிட்டார்கள். காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 330 ஏக்கரிலிருந்து 6,110 ஏக்கராக விரிக்கும் திட்டத்துக்கான கருத்துக் கேட்புக் கூட்டம் எதிர்ப்பால் தள்ளிப்போனது. 2026 முதல் 2046 வரைக்கான சென்னையின் மூன்றாவது முழுமைத் திட்டம் இந்த வரைபடங்களின் மேல்தான் எழும். நம் மகள்கள் எங்கே வீடு கட்டலாம், எங்கே பேருந்து ஏறலாம், எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கும் என்பது அதில் அடங்கும்.

கடலோர வரைபடங்களைத் தயாரிக்கும் தேசிய நிலைத்தகு கடலோர மேலாண்மை மையம் கிண்டியில், அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் இருக்கிறது. டாப்பிங்கின் அளவைப் பள்ளியிலிருந்து வளர்ந்த கல்லூரியும் அதே வளாகம்தான். இன்று அங்கே வகுப்பு வகுப்பாகப் பெண்கள் படிக்கிறார்கள். தொலையுணர்வும் புவித் தகவலியலும் படித்துக் கணினியில் உயர் ஓதக் கோடு வரைகிறார்கள். 146 ஆண்டுகள் மூடியிருந்த கதவு திறந்திருக்கிறது. ஆனால் வரைபவள் பெண்ணாக இருப்பதால் மட்டும் வரைபடம் மாறிவிடாது. திரையில் தெரியும் சாம்பல் மேட்டைத் தரை என்று குறிக்கும் முன் ஒருமுறை எண்ணூருக்கு வந்து, சேற்றில் நிற்பவளிடம் கேட்டால்தான் மாறும்.

கருத்துக் கேட்புக் கூட்டத்துக்குப் போகும்போது, சுவரில் மாட்டியிருக்கும் படத்தின்முன் நின்று நாம் கேட்க நான்கு கேள்விகள் இருக்கின்றன. இது எந்த ஆண்டுப் படம்? எடுத்தபோது ஓதம் ஏறியிருந்ததா, வடிந்திருந்ததா? ஒரு மில்லிமீட்டருக்கு எத்தனை மீட்டர்? எங்கள் ஊரில் யாரிடம் கேட்டு வரைந்தீர்கள்? பதில் வரும்வரை உட்காராமல் நிற்கலாம். காட்டுக்குப்பத்துப் பெண்களுக்கு நிற்பது புதிதல்ல. இடுப்பளவு தண்ணீரில் மணிக்கணக்காக நின்று பழகியவர்கள்.